திரட்டிகள் போட்டியிட்டது நமக்கு நல்லதாகத்தான் இருந்தது

தமிழ் வலைப்பதிவுகளின் பொற்காலம் பற்றிப் பேச்சு வந்தாலே, "திரட்டிச் சண்டைதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். இங்கே பெங்களூரில், அல்சூரில் நண்பர்கள் கூடியபோதும் இதே பேச்சுதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பல வலைப்பதிவுகளில் புதிதாக வரும் இடுகைகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் தளங்கள்தான் திரட்டிகள்; அவை ஒன்றோடொன்று மோதிய வரைக்கும்தான் எழுதுகிறவனுக்கு மரியாதை இருந்தது.

2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். அதற்கு முன்பு ஒரு வலைப்பதிவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இன்னொரு வலைப்பதிவின் ஓரத்தில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். திரட்டி வந்த பிறகு, மடிவாளாவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளைஞர் வேலை முடிந்து வந்து இரவு எழுதியதும், பத்திரிகைகளில் எழுதிப் பெயர் வாங்கியவர் சென்னையிலிருந்து எழுதியதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றன. கடைசியாக எழுதியவர் மேலே, அவ்வளவுதான் வரிசை. ஊரை விட்டு வந்து, நாள் முழுவதும் அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் கன்னடமும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முகப்புப் பக்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு தேன்கூடு வந்தது, மாதந்தோறும் எழுத்துப் போட்டி நடத்தியது. தமிழ்வெளி, 'திரட்டி' என்றே பெயர் வைத்த ஒன்று என வேறு சிலவும் வந்தன. வாசகர்களே இணைப்பைச் சேர்த்து வாக்களிக்கும் முறையோடு தமிழிஷ் வந்தது, 2010இல் அதுவே இன்ட்லி ஆனது. தமிழ்மணத்தில் வாராவாரம் ஒரு நட்சத்திரப் பதிவர், வாசகர் பரிந்துரை, சூடான இடுகைகள். ஒருவர் ஒன்று செய்தால் இன்னொருவர் சும்மா இருக்க முடியவில்லை. அதன் பலன் முழுக்க எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் வந்தது.

நான் தமிழ்மணத்தின் பக்கம். இன்றும் அதை மறைக்கமாட்டேன். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மறுமொழிகளைத் திரட்டிக் காட்டிய விதம். பழைய இடுகை ஒன்றுக்குப் புதிதாக ஒரு மறுமொழி வந்தால் அந்த இடுகை மறுபடியும் முகப்பில் தலைகாட்டும். அதனால் ஒரு நல்ல விவாதம் எழுதிய அன்றே செத்துப்போகாது. ஈழம், இடஒதுக்கீடு, பெரியார் என்று எத்தனையோ விவாதங்களில், நான்காம் நாள் வந்த ஒரு நிதானமான மறுமொழிதான் பேச்சின் திசையையே மாற்றியது. வாக்குகளை வைத்து நடந்த திரட்டிகளில் இது நடக்கவில்லை. அங்கே முதல் சில மணி நேரத்தில் வாக்கு விழாவிட்டால் இடுகை அடியில் போய்விடும்.

கெட்டது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தன் இடுகையை மேலே நிறுத்துவதற்காகத் தானே பல பெயர்களில் மறுமொழி போடுவதற்குப் பின்னூட்டக் கயமை என்று பெயரே வைத்திருந்தோம். "உங்களுக்கு வாக்குப் போட்டுவிட்டேன், நீங்களும் வாருங்கள்" என்று ஒற்றை வரி மறுமொழிகள் வந்து குவிந்தன. ஆனால் இது திரட்டி விசுவாசமா? நண்பர் குழு விசுவாசம். அந்தக் குழு எந்தத் திரட்டிக்குப் போயிருந்தாலும் அதையேதான் செய்திருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டுத்தான் இன்று திரட்டிகள்மீது பழி சுமத்துகிறார்கள்.

விசுவாசத்துக்கும் கடிக்க ஒரு பல் இருக்க வேண்டும்; பிடிக்காவிட்டால் விட்டுப் போக முடிய வேண்டும். டிக் என்ற அமெரிக்கத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் தொடங்கி, இணைப்புகளுக்கு வாக்களிக்கும் தளங்களில் முதலிடத்தில் இருந்தது. 2010 ஆகஸ்டில் வடிவத்தையே மாற்றி, பயனர்களைவிடப் பெரிய ஊடக நிறுவனங்களுக்கு முன்னிடம் தந்தார்கள். அதுவரை அதற்காகச் சண்டை போட்டவர்களே கொதித்துப் போய், டிக்கின் முகப்பை அதன் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் நிரப்பினார்கள். பிறகு ரெடிட்டுக்கே குடிபெயர்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2012இல், டிக் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. போவதற்கு இன்னொரு இடம் இருந்ததால்தான் அந்தக் கோபத்துக்கு மதிப்பிருந்தது.

நம் திரட்டிகளுக்கு முடிவு வந்தது வேறு வழியில். எழுதுகிறவர்களும் மறுமொழி இடுகிறவர்களும் முகநூலுக்கும் ட்விட்டருக்கும் போனார்கள். ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாக வெளியே அனுப்பும் வசதிக்கு ஓடை (RSS) என்று பெயர்; அந்த ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது, ஓடை வழியாகப் படிக்கும் பழக்கமே பலரிடம் அற்றுப்போனது. திரட்டிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள், சொந்த நேரத்தையும் கைக்காசையும் போட்டவர்கள். எந்தத் திரட்டி உயர்ந்தது என்று இடுகை இடுகையாக வாதாடிய கூட்டத்தில், சர்வர் செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. போட்டி அவர்களை வீழ்த்தவில்லை, களைப்பு வீழ்த்தியது.

இப்போது என்ன நிலைமை? ஒயிட்பீல்டில் இருக்கும் நண்பர் தன் தெருவில் வெள்ளம் புகுந்ததை முகநூலில் எழுதினால், அது என் கண்ணில் படுவதற்குள் வெள்ளம் வடிந்துவிடுகிறது. ஏன் தாமதம் என்று யாரையும் கேட்க முடியாது. அன்று ஒரு திரட்டியின் முடிவு பிடிக்காவிட்டால் கண்டித்து இடுகை எழுதினோம். அந்தக் கண்டன இடுகையும் அதே திரட்டியின் முகப்பில் வந்தது! இன்று முகநூல் நிறுவனத்தைக் கண்டித்து அங்கே எழுதினால் யாருக்குக் காட்டுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

பிளாகரும் வேர்ட்பிரஸும் இன்றும் ஓடை தருகின்றன. ஒரு திரட்டியை எழுப்பத் தேவையான திறமை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. யாராவது தொடங்கினால் மாதச் சந்தா தர நான் தயார். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று நேர வரிசையில் காட்டட்டும், இன்னொன்று வேறு எப்படி வேண்டுமானாலும் காட்டட்டும். நான் நேர வரிசைக்காரர்களின் பக்கம் நின்று, மற்றவர்களோடு வாதாடத் தயாராக இருக்கிறேன்.