பாரி ஹெர்னுக்கு எத்தனை மார்க் போடலாம்?

2010இலிருந்து 2021 வரை தொழில்முறை ஸ்னூக்கரை நடத்திய பிரிட்டிஷ் வியாபாரி பாரி ஹெர்ன் பேச்சு வந்தாலே ஸ்னூக்கர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். அவர் வராவிட்டால் ஆட்டமே அழிந்திருக்கும் என்பது ஒரு கட்சி. ஆட்டத்தைக் காசாக்கிக் கெடுத்துவிட்டார் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில், கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் தராததில், அவரை என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் கைக்கு வந்தபோது ஆட்டம் எந்த நிலையில் இருந்தது? 1985 உலக இறுதிப் போட்டியில் டென்னிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, 1.85 கோடி பேர் விழித்திருந்து பிபிசியில் பார்த்தார்கள். அன்று தோற்ற ஸ்டீவ் டேவிஸின் மேனேஜர்தான் ஹெர்ன். அந்தக் கூட்டம் அடுத்த 25 வருடத்தில் கரைந்துபோனது. புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்ததும் ஸ்பான்சர்களும் போனார்கள். 2009-10 சீசனில் மொத்தமே 6 தரவரிசைப் போட்டிகள். மற்ற மாதங்களில் ஆட்டக்காரர்கள் என்ன செய்து பிழைப்பது?

2010 ஜூனில், தொழில்முறை ஸ்னூக்கரின் வணிக உரிமையில் 51 சதவீதத்தை ஹெர்னுக்குக் கொடுப்பதா என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். 35-29 என்று ஹெர்ன் ஜெயித்தார். நான்கைந்து பேர் மாறிப் போட்டிருந்தால் கதையே வேறு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், காசுக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் பேசினார் என்று ஒரு பத்திரிகை குற்றம்சாட்டிய ஜான் ஹிக்கின்ஸ் விவகாரம் வெடித்திருந்தது. மூன்று முறை உலக சேம்பியனான அவரை, செய்தி வந்த உடனே தயங்காமல் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த உறுதி எனக்குப் பிடித்தது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பத்து வருடத்துக்குள் பரிசுப் பணம் சுமார் 35 லட்சம் பவுண்டிலிருந்து 1.4 கோடி பவுண்டு வரை போனது. தரவரிசைப் போட்டிகள் சுமார் 20 ஆயின. 2013இல் புதுதில்லியில் இந்தியன் ஓபன் நடந்தது, நம் ஆதித்ய மேத்தா இறுதிவரை வந்தார். 2020 ஜூன் 1ஆம் தேதி, கொரோனாவில் உலகமே அடைந்து கிடக்கையில், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். இதற்கெல்லாம் முழு மார்க்.

ஹெர்னைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் நட்சத்திர ஆட்டக்காரர் ரோனி ஓ'சல்லிவன் சண்டையைத்தான் எடுக்கிறார்கள். 2010 வேர்ல்டு ஓபனில், பிரேக் (தவறாமல் தொடர்ந்து பந்து போட்டுப் புள்ளி சேர்ப்பது) நடந்துகொண்டிருக்கும்போதே, ரோனி 147க்கு, அதாவது ஒரு பிரேக்கில் எடுக்கக்கூடிய முழுப் புள்ளிக்கு, என்ன பரிசு என்று விசாரித்தார். தனிப் பரிசு இல்லை, அந்தப் போட்டியிலேயே பெரிய பிரேக்குக்கான 4,000 பவுண்டுதான். பிங்க் பந்தைப் போட்டுவிட்டு, கடைசிக் கறுப்பு மிச்சமிருக்கவே எதிராளிக்குக் கை கொடுத்தார். நடுவர் யான் வெர்ஹாஸ்தான் ரசிகர்களுக்காகப் போடச் சொல்லி வற்புறுத்தினார். போட்டார். பார்க்கச் சுவையான சம்பவம்தான். ஆனால் ரோனிக்கு என்ன குறை? நான் கேட்பது தரவரிசையில் 100ஆம் இடத்தில் இருப்பவருக்காக.

2013-14 சீசனிலிருந்து பெரும்பாலான போட்டிகளில் 128 பேரும் முதல் சுற்றிலிருந்தே ஆடவேண்டும் என்றாக்கினார் ஹெர்ன். முன்பு முதல் 16 பேர் நேராக அரங்குக்கு வந்துவிடுவார்கள், கீழே இருப்பவர் பல தகுதிச் சுற்றுகளைத் தாண்டவேண்டும். அந்தச் சலுகையை உடைத்தது நியாயம். ஆனால் பல போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றவருக்கு ஒரு பைசா கிடையாது. புது ஆட்டக்காரருக்கு எதிரில் வருவது யார்? மார்க் செல்பி, ஜட் டிரம்ப் போன்ற உச்ச ஆட்டக்காரர்கள் வரலாம். தோற்றால் ரயில் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சொந்தக் காசு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வீடு எடுத்துத் தங்கிப் பயிற்சி செய்யும் சீனப் பையன்களுக்கு இதோடு குடும்பமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. 2023இல் காசுக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் மேட்ச் பிக்சிங் விவகாரத்தில் 10 சீன ஆட்டக்காரர்கள் தடை வாங்கினார்கள், அதில் இருவருக்கு வாழ்நாள் தடை. அதற்கு ஹெர்ன் பொறுப்பு என்று சொல்லமாட்டேன். தப்பு செய்தவர்களே பொறுப்பு. ஆனால் கையில் காசில்லாத இருபது வயதுப் பையனிடம் சூதாட்டத் தரகர் வந்து பேசுவது சுலபம் என்பது உண்மைதானே?

வெற்றிக்குத்தான் பணம், அப்போதுதான் பசியோடு ஆடுவார்கள் என்பது ஹெர்ன் தரப்பு வாதம். பட்டயக் கணக்காளரான அவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? 128 பேருக்கும் வருடத்துக்குக் குறைந்தது தலா 20,000 பவுண்டு உறுதி என்றாலே 25.6 லட்சம் பவுண்டுதான். பாதிப் பேருக்கு மேல் அதைத் தாண்டிச் சம்பாதித்துவிடுவார்கள், ஆக உண்மையில் கைவிட்டுப் போவது அதில் ஒரு பகுதி. 1.4 கோடி பரிசுப் பணம் புரளும் ஆட்டத்தில் இது முடியாத காரியமா?

முடியும் என்று அவர் போனபிறகு தெரிந்தது. 2021 ஏப்ரலில் ஹெர்ன் விலகி ஸ்டீவ் டாசன் தலைவரானார். 2022-23 சீசனில் டூரில், அதாவது தொழில்முறைச் சுற்றில், உள்ள ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். டூர் நொடித்துப்போய்விடவில்லை. யாரும் சோம்பேறியாகவும் ஆகவில்லை. ஹெர்ன் 2014லேயே இதைச் செய்திருக்கலாம். அந்த ஏழெட்டு வருடத்தில் கடனோடு கியூவைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் தாக்குப்பிடித்திருப்பார்கள்! அதனால் என் கணக்கில் அவருக்கு பத்துக்கு எட்டு. இப்போது இருக்கும் நிர்வாகம் அந்த 20,000ஐ உயர்த்தவேண்டும்; பயணம், விடுதி, மேசை வாடகை போனால் இங்கிலாந்தில் ஒரு வருடம் ஓட்ட அது போதாது.