அந்த நிலம் தரிசாகக் கிடக்கவில்லை

போன ஏப்ரலில் மாசசூசெட்ஸில் இருக்கும் பிளிமத் ஊருக்குப் போயிருந்தேன். அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற அந்தப் புகழ்பெற்ற பாறையைப் பார்த்தேன். சுற்றிக் கல்மண்டபம், கீழே பள்ளம், பள்ளத்தில் பாறை. அதன்மேல் 1620 என்று செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் குடியேற வந்தவர்கள் இதில்தான் முதலில் கால் வைத்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதிவைத்ததில் ஒரு வரிகூடக் கிடையாது. 1741-இல் 94 வயதுப் பெரியவர் ஒருவர் கைகாட்டிச் சொன்னதுதான் ஆதாரம். சரி, ஊருக்கு ஒரு கல் வேண்டுமே.

எரிச்சல் கல்லின் மேல் இல்லை. பக்கத்தில் நம்மாள் ஒருவர் தன் பையனிடம், "இதெல்லாம் வெறும் காடுடா, இவங்க வந்துதான் வெவசாயமே ஆரம்பிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அந்த இடத்துக்குப் பிளிமத்துக்கு முன்னால் ஒரு பெயர் இருந்தது: பட்டுக்ஸெட். அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் ஊர். 1605-இல் அந்தத் துறைமுகத்துக்கு வந்த பிரெஞ்சு மாலுமி சாம்ப்ளெய்ன் வரைந்த வரைபடத்தில் கரையோரமாக வீடுகள், வீடுகளைச் சுற்றி மக்காச்சோள வயல்கள் என்று ஊர் தெளிவாகவே தெரிகிறது. 1616-க்கும் 1619-க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் ஒன்று ஊரையே துடைத்துவிட்டது. 1620 டிசம்பரில் மேஃபிளவர் ஆட்கள் அங்கே இறங்கியபோது மனிதர்கள் இல்லை. ஆனால் மரம் வெட்டித் திருத்திய நிலம் இருந்தது. மூன்று நான்கு வருடத்துக்கு முன்புவரை இங்கே சோளம் விளைந்திருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். காட்டைத் திருத்துகிற வேலை மிச்சம்!

அதற்கு ஒரு மாதம் முன்னால் கேப் காட் கரையில் நடந்ததைக் கேளுங்கள். மணல்மேடு ஒன்றைத் தோண்டுகிறார்கள். உள்ளே கையால் முடைந்த கூடை, அதில் முழுசாக 36 கதிர்கள். சில மஞ்சள், சில சிவப்பு, சிலவற்றில் நீலம் கலந்திருக்கிறது. யாரோ வருகிற வருடத்துக்காகப் புதைத்துவைத்த தானியக் குழி அது. எடுத்துக்கொண்டார்கள். அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் விதைக்கு ஒரு மணி இருந்திருக்காது என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடம் உரியவர்களுக்கு ஈடு கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தக் குளிரிலேயே செத்துப்போனார்கள். 1621 மார்ச்சில் டிஸ்குவாண்டம் வந்து சேர்ந்தான். பட்டுக்ஸெட்காரன். 1614-இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஏமாற்றிக் கடத்தி, ஸ்பெயினில் மலகா நகரத்துக்கு அடிமையாக விற்கக் கொண்டுபோன கூட்டத்தில் ஒருவன். எப்படியோ தப்பி, லண்டனில் இருந்து, ஆங்கிலம் பழகி, 1619-இல் ஊர் திரும்பினால் ஊரே இல்லை. தன் சனத்தின் எலும்பு கிடந்த மண்ணில் வந்து குடியேறியவர்களுக்கு, எப்படி விதைப்பது என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மனசு எப்படி இருந்திருக்கும்?

அவன் காட்டிய விவசாயம் இது. நிலத்தை நீளமாக உழுவதில்லை. சிறு சிறு மண்மேடாகக் கூட்டி, வசந்தத்தில் கடலிலிருந்து ஓடைக்கு முட்டையிட ஏறிவரும் மீனைப் பிடித்து மேட்டுக்குள் புதைத்து, மேலே நாலைந்து சோள விதை. மீன் மக்கும்வரை நாயும் ஓநாயும் தோண்டாமல் ராத்திரி காவல் இருக்க வேண்டும். வாம்பனோவாக் வயலில் சோளம் வளர்ந்ததும் பக்கத்தில் அவரை இனத்துப் பயறு போடுவார்கள். தட்டையைப் பிடித்துக் கொடி ஏறும், வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். தரையில் பூசணி படர்ந்து களையை அமுக்கும், ஈரத்தைக் காக்கும். சோளக்காட்டில் தட்டைப்பயறு ஊடுபயிர் போட்ட எங்கள் அம்மாயிக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

அந்த வருடம் குடியேறிகள் 20 ஏக்கர் சோளம் போட்டார்கள். இங்கிலாந்து விதையான பார்லியும் பட்டாணியும் ஒரு 6 ஏக்கர். சோளம் நன்றாக வந்தது. பார்லி சுமார். பட்டாணி பூவிலேயே வெயிலில் கருகிப்போனது.

இவ்வளவும் நடந்த பத்தே வருடத்துக்குள், 1629-இல், பிளிமத்துக்குப் பக்கத்தில் தனியாக அமைந்த மாசசூசெட்ஸ் வளைகுடாக் குடியேற்றத்துக்குத் தலைமை தாங்கப்போகும் ஜான் வின்த்ரப் ஒரு வாதம் எழுதுகிறார். இந்த மக்கள் நிலத்துக்கு வேலி போடவில்லை, நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை, நிலத்தைப் பண்படுத்த மாடு இல்லை. ஆகவே அவர்களுக்குப் போதுமானதை விட்டுவிட்டு மிச்சத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். கலப்பையும் வேலியும் இல்லாவிட்டால் அது விவசாயமே இல்லையாம்! இதை அறியாமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோளம் சாப்பிட்டுப் பிழைத்த கதை ஊரறிந்தது.

இன்னொன்று. அந்த வயல்களில் விதைத்ததும் களையெடுத்ததும் அறுத்ததும் பெண்கள். கையில் மட்டிச் சிப்பியில் செய்த களைக்கொட்டு. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது பெண்களை அடிமையாக வேலை வாங்குவதாகத் தெரிந்தது. வேட்டைக்கும் மீனுக்கும் போன ஆண்கள் சோம்பேறிகளாகத் தெரிந்தார்கள், ஏனென்றால் இங்கிலாந்தில் வேட்டை பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. பெண் கொத்தினால் அது உழவுக் கணக்கில் சேராது. எங்கள் வீட்டிலும் பட்டா தாத்தா பேரில்தான் இருந்தது.

1624-இல் பிளிமத்துக்கு முதல் மாடுகள் வந்தன. அப்புறம்தான் தினசரித் தொல்லை. குடியேறிகளின் மாடும் பன்றியும் அவிழ்த்துவிட்டபடி திரிந்தன. மாடு சோளத்தை மிதித்தது, பன்றி தானியக் குழியையும் கடற்கரை மட்டிகளையும் தோண்டித் தின்றது. வேலி இல்லாமலே காலங்காலமாகப் பயிர் செய்தவர்கள், அடுத்தவன் மாட்டுக்காகத் தங்கள் வயலுக்கு வேலி கட்ட வேண்டியதாயிற்று. 1675-இல் வாம்பனோவாக் மக்களுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டபோது சொல்லப்பட்ட குறைகளில் இந்தக் கால்நடைத் தொல்லையும் உண்டு. 1621-இல் குடியேறிகளோடு சமாதானம் பேசிய வாம்பனோவாக் தலைவன் மாசசாய்ட்டின் மகன் மெட்டாகோம்தான் அந்தப் போரை நடத்தியவன். மறுவருடம் அவன் தலையைப் பிளிமத்தில் கழியில் குத்தி வைத்தார்கள்.

பாறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அந்த ஓடை இன்னும் ஓடுகிறது. ஏப்ரலில் மீன் இன்னும் ஏறுகிறது. குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் கறுப்பு முதுகுகள் நெளிவது தெரிந்தது. பாறையைச் சுற்றிப் படம் எடுக்கக் கூட்டம். ஓடைக்கரையில் நானும், நாயோடு வந்த ஓர் அம்மாவும் மட்டும். நாய் மீனைப் பார்த்து இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா கயிற்றை விடவில்லை.