ஆரன் அடிச்சிராதீய

போன ஜனவரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம். ஓட்டியது மச்சினன். எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் அவனுக்குக் கணக்கு, ஒன்றுக்குப் போக நிறுத்தச் சொன்னாலே முகம் சுருங்கிவிடும். திருநெல்வேலி பைபாஸில் டீ குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போய்விட்டு நாங்குநேரியில் மறுபடி ஹைவே ஏறிக்கொள்ளலாம், 20, 30 கிலோமீட்டர்தான் கூடும்.

"எதுக்கு அத்தான்?"

"வாத்து பாக்க."

வீட்டம்மா சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

சும்மா வாத்து இல்லை. வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி இறங்குகிற பறவை. கருவி கட்டிவிட்டுப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் நமக்கு இங்கே கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிகூடக் கிடையாது, இதன் ரத்தமோ இருக்கிற கொஞ்சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அவ்வளவு உசரத்தில் வந்தது குளத்துக் கரையோரப் புல்லில் வீட்டுக்கோழி மாதிரி குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. பைனாகுலரில் வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, விபூதிப் பட்டையைக் கரியில் இழுத்த மாதிரி. நாற்பது, ஐம்பது இருக்கும். மச்சினன் பைனாகுலரை வாங்கினான், திருப்பித் தரவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு கார் வந்தது. இறங்கியவர் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். கொஞ்ச நேரம் எடுத்தார், திருப்தி இல்லை போல, குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். பறக்கிற படம் வேண்டுமாம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் தடுத்தார். "அது மேயட்டும்யா. பறக்கணும்னா அதுவாப் பறக்கும்." எங்களைப் பார்த்தும், "போகும்போது ஆரன் அடிச்சிராதீய" என்றார்.

அந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை, எச்ச நாற்றத்தோடு குடும்பம் நடத்துகிறார்கள், எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். 1994ல்தான் சரணாலயம் என்று அறிவித்தார்கள், ஊர்க்காரர்கள் பழகியது அதற்கும் ரொம்ப முந்தி. நாம் என்னவென்றால் ஒரு லைக்குக்காகக் கட்டியை எறிகிறோம். இந்த வாத்து இங்கே தின்று சேர்க்கிற கொழுப்பில்தான் திரும்பவும் அந்த மலையைத் தாண்டப்போகிறது, ஒவ்வொரு முறை எழுப்பி விடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. இதைத் தெரிந்தும் எறிகிறவர்களைப் பறவை ஆர்வலர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எத்தனை அருமையான படமாக இருந்தாலும் சரி.

என் படத்தில் எல்லாமே குனிந்திருக்கின்றன. பாதிக்குத் தலையே தெரியாது.

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்: "கயத்தாறு பக்கம் பஞ்சர்மா."