கொலம்போவை எழுதியவர்களில் யார் முதல்வர்? எங்கள் தடைக்காலத்து வழக்கு

கடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வழக்கு ஓடியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால், ஏர்வாடியில் படகு டிரைவராக இருக்கும் என் நண்பருக்கு மாலைகள் சும்மா இருந்தன. துபாயிலிருந்து திரும்பிவிட்ட என் பெரியம்மா மகன் காக்காவிடம் கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் பழைய கதைகள் அத்தனையும் இருந்தன. இராமநாதபுரத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சாருக்குப் பேச ஆள் தேவைப்பட்டது. மஃரிபு தொழுகைக்குப் பிறகு கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் கூடி, ஒரு நாளைக்கு ஒரு கதை என்று பார்க்கத் தொடங்கினோம். இரண்டாவது வாரத்திலேயே, இந்தத் தொடரை எழுதியவர்களில் சிறந்தவர் யார் என்ற பேச்சு எழுந்து, பார்க்கும் நேரத்தைவிட வழக்காடும் நேரம் அதிகமாகிவிட்டது.

தொடரின் பெயரைக் கேட்டதும் என் உம்மா, "கொழும்புக்காரனா?" என்று விசாரித்தார்கள். பாட்டனார் காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஊரையும் வியாபாரத்தையும்தான் குறிக்கும். இவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் போலீஸ் லெப்டினன்ட், கசங்கிய மழைக்கோட்டும் பாதிச் சுருட்டுமாகத் திரிபவர் என்று விளக்கியதும் உம்மாவுக்கு ஆர்வம் போய்விட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர், பிலடெல்பியாவில் பள்ளி நாள்களிலேயே நண்பர்களானவர்கள், உருவாக்கிய பாத்திரம் இது. பீட்டர் பாக் நடித்து 1968-இல் ஒன்றும் 1971-இல் ஒன்றுமாக இரண்டு முன்னோட்டப் படங்கள் வந்தன. பிறகு 1971 முதல் 1978 வரை என்.பி.சி. தொலைக்காட்சியிலும், 1989 முதல் 2003 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியிலும் கதைகள் வந்தன. மொத்தம் 69, அவற்றில் முன்னோட்டங்கள் உட்பட 45 பழைய காலத்தைச் சேர்ந்தவை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று அவர் கேட்பது உலகப் புகழ் பெற்றுவிட்டது. மூலமான மேடை நாடகத்தை எழுதும்போது ஒரு காட்சி நீளம் போதாமல் போக, தாளை மீண்டும் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, வெளியேறிய ஆளை அப்படியே திரும்பி வர வைத்தோம் என்று லிங்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளனின் சோம்பலில் பிறந்த ஒரு வழக்கம் அந்தப் பாத்திரத்தின் உயிராகவே ஆகிப்போனது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தத் தொடரில் பெரும்பாலும் கொலையாளி யார் என்ற கேள்வியே கிடையாது. முதல் இருபது நிமிடத்துக்குள் கொலையைக் கண் முன்னே காட்டிவிடுவார்கள். டிரைவர் நண்பருக்கு முதலில் இது பிடிபடவில்லை, "ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்னத்தைப் பார்க்குறது பாய்?" என்று கேட்டார். நான்கைந்து கதைகள் போன பிறகு அவரே விடையையும் சொன்னார். அவருடைய தகப்பனார் கரைவலை இழுத்தவர். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் போய் வலையை வளைத்துப் போட்டு, மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெடுநேரம் இழுக்க வேண்டும். மீன் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மீன் சேரும் பையான மடி கரையேறும்வரை எவரும் கண்ணை எடுப்பதில்லை. இந்தக் கதைகளும் அப்படித்தான் என்றார் அவர். அதன் பிறகு எங்கள் வழக்கில் இழுப்பு, மடி என்ற இரண்டு சொற்களும் நிலைத்துவிட்டன. கதையின் நடுப்பகுதியில் கொலம்போவும் கொலையாளியும் மோதிக்கொள்வது இழுப்பு; கடைசியில் ஆள் அகப்படும் இடம் மடி.

காக்காவின் கட்சி ஸ்டீவன் பாச்கோவுடையது. பின்னாளில், 1981-இல், ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் தொடரின் மூலம் பெரும் பெயர் பெற்றவர் அவர். தொடராக ஒளிபரப்பான முதல் கதையான 'மர்டர் பை தி புக்' அவர் எழுதியது. இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். துப்பறியும் கதைகளை இருவராகச் சேர்ந்து எழுதும் ஒரு ஜோடியில், உண்மையில் எழுதத் தெரியாத ஒருவன், தனியே எழுதப் போகிறேன் என்று சொன்ன மற்றவனைக் கொல்கிறான். தொடரை உருவாக்கியவர்களே இருவர் சேர்ந்து எழுதும் ஜோடி என்பதை நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறும்பும் இருக்கிறது. இழுப்பு அபாரம் என்பதில் மறுப்பில்லை. மடியோ காலி. இறந்தவனுடைய பழைய குறிப்பு ஒன்றைக் காட்டியதும் கொலையாளி ஒப்புக்கொண்டுவிடுகிறான். நல்ல வக்கீல் ஒருவர் அருகில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். அந்தக் கதையின் புகழில் ஸ்பீல்பெர்க்கின் பங்கு எவ்வளவு, தட்டச்சு இயந்திரத்தின் ஓசையை மட்டும் ஓடவிட்ட அந்தத் தொடக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பாச்கோவின் கணக்கில் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் சேரும்.

இருந்தாலும், 'புளூபிரிண்ட் பார் மர்டர்' என்ற 1972-ஆம் ஆண்டுக் கதையை முன்வைத்துக் காக்கா என்னை ஒரு மாலை முழுவதும் திணறடித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலையாளி ஒரு கட்டடக் கலைஞன். பிணம் கட்டடத்தின் அடித்தளத் தூணுக்குள் இருக்கிறது என்று கொலம்போ சந்தேகித்து, எத்தனையோ அலுவலகங்களில் வரிசையில் நின்று அனுமதி வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் தோண்டிப் பார்க்கிறார். ஒன்றும் இல்லை, பெருத்த அவமானம். இனி அந்த இடத்தை எவனும் மறுபடி தோண்ட மாட்டான் என்று நம்பி, அன்றிரவு கொலையாளியே பிணத்தை அங்கே கொண்டுவருகிறான். கொலம்போ காத்திருக்கிறார். இங்கே மடி நிறைந்திருக்கிறது. பாச்கோ எப்போதும் இப்படி எழுதியிருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

சாரின் கட்சி ஜாக்சன் கில்லிஸ். சூப்பர்மேன் தொடரிலும் பெர்ரி மேசன் தொடரிலும் எழுதிப் பழுத்த கை. 1971-இல் வந்த 'சூட்டபிள் பார் பிரேமிங்' என்ற ஒரே கதையை வைத்துக்கொண்டு சார் இரண்டு மாதம் வாதாடினார். ஓவிய விமர்சகன் ஒருவன் தன் மாமனைக் கொன்று, திருடிய, பிரெஞ்சு ஓவியர் டெகாவின் இரண்டு ஓவியங்களைத் தன் அத்தையின் வீட்டில் ஒளித்துவைத்துப் பழியை அவள் மீது போடுகிறான். கடைசியில் ஓவியங்கள் அகப்படுகின்றன. அவற்றில் விரல் ரேகை தேடச் சொல்கிறார் கொலம்போ. இருப்பது கொலம்போவின் ரேகை. முன்பொரு நாள் கொலையாளியின் கையிலிருந்த பையில் எதேச்சையாகக் கை விட்டபோது பதிந்தது. இப்போதுதான் தொட்டார் என்று கொலையாளி கத்துகிறான். அதுவரை கோட்டுப் பைக்குள் இருந்த இரண்டு கைகளையும் கொலம்போ மெல்ல வெளியே எடுக்கிறார், இரண்டிலும் கையுறை. ஒரு வார்த்தை கிடையாது, கதை அத்தோடு நிற்கிறது. மொத்தத் தொடரிலும் இதற்கு ஈடான கடைசி நொடி வேறில்லை என்று சார் சொன்னபோது எதிர்ப்பேச்சு எவரிடமும் இல்லை.

ஆனால் ஒரு நொடியைக் கொண்டு ஓர் எழுத்தாளரை முதல்வராக்க முடியாது என்பதுதான் என் வாதம். அந்தக் கையுறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: இந்த மடி எந்தக் கொலையாளிக்கும் பொருந்தும். அவன் ஓவிய விமர்சகனாக இல்லாமல் நகைக் கடைக்காரனாக இருந்திருந்தாலும் அதே விரல் ரேகை, அதே கையுறை. அவனுடைய இறுமாப்பு இழுப்பு முழுவதும் நம்மோடு வருகிறது. அவன் அகப்படுவதோ அதனால் அல்ல.

நான் வழக்காடுவது பீட்டர் எஸ். பிஷருக்காக. லெவின்சன், லிங்க் இருவரோடும் சேர்ந்து 1984-இல் மர்டர் ஷி ரோட் தொடரை உருவாக்கியவர் இவர். இவருடைய கொலையாளிகள் தங்கள் தொழிலாலேயே, தாங்கள் யாரென்பதாலேயே அகப்படுகிறார்கள். 1974-இல் வந்த 'நெகடிவ் ரியாக்சன்' கதையை எடுத்துக்கொள்வோம். புகைப்படக் கலைஞன் ஒருவன் மனைவியைக் கொன்று, அவளை யாரோ கடத்தியதாகக் காட்ட ஒரு படம் எடுத்துவைக்கிறான். படத்தில் ஒரு கடிகாரமும் தெரிகிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கும்போது இடம் வலமாக மாற்றிப் போட்டுவிடுகிறார் கொலம்போ. 2 மணி காட்ட வேண்டிய கடிகாரம் 10 மணி காட்டுகிறது. மூலப் படம் தன் கவனக்குறைவால் பாழாகிவிட்டது என்று வேறு சொல்கிறார். அந்த நேரத்தில் கொலையாளி நினைப்பது புகைப்படக்காரன் நினைப்பதைத்தான்: படம் போனால் என்ன, நெகடிவ் இருக்கிறதே! சான்றுப் பொருள்கள் வைத்த அலமாரியில் வரிசையாக இருக்கும் காமிராக்களிலிருந்து சரியான ஒன்றைத் தானே போய் எடுத்துவந்து திறக்கிறான். அந்தப் படத்தை எடுத்த காமிரா எது என்பது படம் எடுத்தவனுக்கு மட்டுமே தெரிந்திருக்க முடியும். கொலம்போ அருகில் நிற்கும் போலீஸ்காரர்களிடம், இவர் இப்போது செய்ததைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கிறார்.

போலீஸ்காரர் பொய் சொல்லி வாங்கிய சான்று நீதிமன்றத்தில் நிற்காது என்று சார் மறுத்தார். நிற்கிறதோ விழுகிறதோ, அவன் கை போன இடத்தை அத்தனை பேர் பார்த்துவிட்டார்கள்.

அதே ஆண்டில் வந்த 'எ பிரண்ட் இன் டீட்' இன்னும் ஒரு படி மேல். இங்கே கொலையாளி கொலம்போவின் மேலதிகாரியான துணை கமிஷனரே. பக்கத்து வீட்டுக்காரன் செய்த கொலையை மறைக்க உதவிவிட்டு, பதிலுக்குத் தன் மனைவியின் கொலையில் அவனை உடந்தையாக்கிக்கொள்கிறார். பழியை ஒரு பழைய திருடன் மீது போட வேண்டும்; கோப்பில் இருக்கும் அவனுடைய முகவரியைப் பார்த்து, நகைகளைத் தன் கையாலேயே கொண்டுபோய் அந்த வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு, படை பட்டாளத்தோடு சோதனைக்கு வந்து நிற்கிறார். அது திருடனின் வீடே அல்ல. கொலம்போ வாடகைக்கு எடுத்த வீடு. அந்த முகவரியைக் கோப்பில் பார்த்தவர் ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் அங்கே நகை வைக்கத் தோன்றியிருக்காது. கோப்பைப் பார்க்கும் அதிகாரம் இருந்ததால்தான் அவர் அகப்பட்டார். இதைப் பார்த்த இரவில் டிரைவர் நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்; அலுவலகக் கோப்புகளில் தன் பெயர் எப்படியெல்லாம் எழுதப்படும் என்று அறிந்த கடற்கரைக்காரர் அவர்.

பிஷர் எழுதியதெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 'அன் எக்சர்சைஸ் இன் பேடாலிட்டி'யில் செருப்பு நாடாவின் முடிச்சை வைத்து ஓர் ஆளை மடக்குவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். அதன் மூலக்கதையும் லாரி கோகனுடையது.

இங்கேதான் இந்த வழக்கின் பெரிய சிக்கல் வருகிறது. கதை ஒருவர், திரைக்கதை வேறொருவர் என்று பெயர்ப் பட்டியலில் தனித்தனியாக வரும். 1973-இல் வந்த 'டபிள் ஷாக்' கதைக்குக் கில்லிஸ், லெவின்சன், லிங்க் மூவரின் பெயரும், திரைக்கதைக்குப் பாச்கோவின் பெயரும் இருக்கின்றன. அதில் நமக்குப் பிடித்த ஓர் இடத்தை எவர் கணக்கில் எழுதுவது? காக்காவும் சாரும் அந்த ஒரு கதைக்காக இரண்டு மாலை சண்டை போட்டார்கள். லெவின்சனும் லிங்கும் சேர்ந்து எழுதிய 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்' 1972-இல் எழுத்துக்கான எம்மி விருது பெற்றது. அவர்களைப் போட்டியில் சேர்க்கலாமா என்றும் கேட்டுக்கொண்டோம். பந்தல் போட்டவர்களைப் பந்தியில் உட்கார வைத்து இலை எண்ணக் கூடாது என்று காக்கா தீர்ப்புச் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டோம்.

டிரைவர் நண்பர் எங்கள் மூவரையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். "எழுதுனவன் யாரா இருந்தா என்ன, எல்லாம் அந்தக் கோட்டுப் போட்ட ஆளோட வேலைதான் பாய்" என்பது அவர் கட்சி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பதில் 1989-க்குப் பிறகு வந்த கதைகளில் இருக்கிறது. அதே பீட்டர் பாக், அதே சுருட்டு, வாசலில் அதே திரும்பல். ஆனால் அவற்றில் பல இருபது நிமிடம் தாண்டுவதற்குள் கொட்டாவி வரவைக்கின்றன. நடிகர் மாறவில்லை என்றால் மாறியது எது? அந்தக் கையுறையை எழுதிய கில்லிஸே 1990-இல் 'மர்டர் இன் மாலிபு' எழுதினார். சாருக்கு வருத்தம் வரக் கூடாது என்பதற்காக அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன். அவரே பாதியில் எழுந்து போய்விட்டார்.

அதே 1990-இல் பிஷர் எழுதியது 'ரெஸ்ட் இன் பீஸ், மிசஸ் கொலம்போ'. கொலம்போ எப்போதும் தன் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். என் மனைவி உங்கள் ரசிகை, என் மனைவி இப்படிச் சொன்னாள் என்று. 69 கதைகளில் ஒன்றிலும் அந்த அம்மாளை நாம் பார்ப்பதில்லை. மற்றவர்கள் எல்லாம் அதை ஒரு வேடிக்கையாக மட்டும் பயன்படுத்தியபோது, பிஷர் அந்தக் காணாத பெண்ணின் இறுதிச் சடங்கில் கதையைத் தொடங்கினார். கொலம்போவைப் பழிவாங்க நினைக்கும் ஒருத்தி, நஞ்சு கலந்த பழப்பாகைக் கொடுத்து அவர் மனைவியைக் கொல்லப் பார்க்கிறாள்.

ஜூன் 13-ஆம் தேதி இரவு அதைப் பார்த்தோம். மறுநாளோடு தடை முடிகிறது; ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும், நண்பர் சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டியவர். சவப்பெட்டியைக் காட்டியதும் எழப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பாதிக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"பாய், அந்த அம்மா செத்துப்போச்சா? உண்மையிலேயே செத்துப்போச்சா?"

இந்தத் தொடரில் எந்த நடிகையும் நடித்திராத, முகமே இல்லாத, எழுதியவர்களின் வாக்கியங்களில் மட்டும் வாழ்கிற ஒரு பெண்ணுக்காக அவர் அப்படிப் பதறியதைக் காக்காவுக்கும் சாருக்கும் கண்ணால் சுட்டிக்காட்டினேன். சார் மட்டும் சிரித்தார். முடிவு வரை இருந்து, அந்த அம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகே நண்பர் வண்டியை எடுத்தார். அடுத்த தடைக்காலத்துக்குள் கில்லிஸின் கதைகளை முதலிலிருந்து பார்த்துவிட்டு வருவதாகச் சார் சொல்லியிருக்கிறார். காக்கா இன்னும் பாச்கோவை விடுவதாயில்லை.