கிளைவ் ஊருக்குப் போனேன்தான். இப்ப என்ன?

இந்தியாவுல வெள்ளைக்காரன் ஆட்சிக்கு அடிபோட்ட ராபர்ட் கிளைவ் பொறந்தது இங்கிலாந்துல மார்க்கெட் டிரேடன் பக்கம். அந்த ஊர்ச் சந்தையில கையில இஞ்சி பிஸ்கட்டோட சிரிச்சுக்கிட்டு நிக்கிற படத்தை நேத்து போட்டேன். 'அடிமைப் புத்தி'ன்னு கீழே ஒரே கூத்து. ஆனா அந்த ஒரு வரி மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்க விடல. "ஆற்காட்டுல பொறந்துட்டு கிளைவ் ஊர்ல போய் இஞ்சி பிஸ்கட் திங்கிறீங்களே, சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறீங்களா?" அதுக்கு அத்தனை சிரிப்புக் குறி.

உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறேன் ஐயா. டாக்டர் குறைக்கச் சொல்லியும் போட்டுத்தான் சாப்பிடுறேன்.

ஒரு ஊரைப் பார்க்கப் போறது வேற, அந்த ஊர்க்காரனைக் கும்பிடப் போறது வேற. இதைப் புரிஞ்சுக்க இவ்வளவு கஷ்டமா?

மார்க்கெட் டிரேடன், நான் இருக்கிற ஸ்டோக்ல இருந்து கார்ல முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 1245ல மூன்றாம் ஹென்றி ராஜா சந்தை நடத்த உரிமை கொடுத்த ஊர். இன்னிக்கும் புதன்கிழமைன்னா சந்தை. 1651ல தீப்பிடிச்சு ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. நடுவுல பட்டர்கிராஸ்னு ஒரு தூண் மண்டபம் இருக்கு. மறுபடி தீப்பிடிச்சா அடிக்கறதுக்குன்னு அதோட உச்சியில ஒரு மணி. நான் நின்னு படம் எடுத்தது அதுக்குப் பக்கத்துலதான். கையில இருந்தது ஜிஞ்சர்பிரெட், அவங்க சொல்ற இஞ்சி பிஸ்கட். 1817ல இருந்து வர்றதா சொல்ற செய்முறையும் இந்த ஊருக்கு உண்டு. அதை போர்ட் ஒயின்ல தோய்ச்சுத் தின்னணுமாம். நான் டீயில தோய்ச்சேன். நம்ம ஊர் மக்கன் பேடாவுக்குப் பக்கத்துல நிக்காது, அது வேற விஷயம்.

"அவன் கொள்ளையடிச்ச காசுல வந்த ஊரு"ன்னு ஒருத்தர். கிளைவ் பொறந்தது 1725ல. சந்தைக்கு அப்பவே 480 வயசு. கணக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, தப்பில்ல.

சின்ன வயசுல அந்தாளு இங்க செயின்ட் மேரி சர்ச் கோபுரத்துல ஏறி உட்கார்ந்தானாம், பசங்களைச் சேர்த்துக்கிட்டு கடைக்காரங்ககிட்ட மாமூல் வாங்கினானாம். ஊர்ல இதைக் கதையா சொல்றாங்க. 1744ல மெட்ராஸுக்குக் குமாஸ்தா வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பயிற்சி ஆயிடுச்சு போல.

நான் ஏன் போனேன்னு யாராவது கேட்டீங்களா? எங்க அப்பா என்னை சைக்கிள்ல முன்னாடி உட்கார வச்சு பாலாத்தங்கரை டெல்லி கேட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். 1751ல 200 வெள்ளைக்காரர், 300 சிப்பாய்களோட வந்து கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிச்சதும், முற்றுகையில ஐம்பது நாளுக்கு மேல தாக்குப் பிடிச்சதும் அங்கதான் கேட்டேன். சோறு குறைஞ்சப்ப நம்ம சிப்பாய்ங்க, "சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் குடுங்க, வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்"னு சொன்னதா ஒரு கதை உண்டு. அப்பா அதைச் சொல்லிட்டு ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "கஞ்சி குடிச்சவன் பேரு ஒண்ணாவது உனக்குத் தெரியுமா?"

சந்தை முடிச்சுட்டுப் பக்கத்துல இருக்கிற மோர்ட்டன் சே சர்ச்சுக்குப் போனேன். அவனைப் புதைச்சது அங்கதான், எந்த இடத்துலன்னு அடையாளம் இல்ல. சுவத்துல ஒரு பித்தளைத் தகடு. லத்தீன்ல 'ப்ரிமுஸ் இன் இண்டிஸ்', இந்தியாவில் முதல்வன். நான் கை கூப்பல. அப்பா கேட்ட கேள்விதான் காதுல கேட்டுச்சு. இதுக்குப் பேரு அடிமைப் புத்தியா?

"போனது சரி, பல்லைக் காட்டிப் படம் எதுக்கு?"ன்னு கேட்டாங்களே, அதுக்கு மட்டும் என்கிட்ட நல்ல பதில் இல்ல. வெயில் அடிச்சுது. இந்த ஊர்ல வெயில் அடிச்சா சிரிப்பு வந்துடும்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கிளைவ் வீடு இருக்கு, 1753ல அவன் கல்யாணம் நடந்த இன்னொரு செயின்ட் மேரி சர்ச்சும் இருக்கு. நம்ம சென்னையிலதான். அங்க போனா அது வரலாற்று ஆர்வம், இங்க வந்தா அடிமைப் புத்தி. உப்புக் கேள்வி கேட்டவர் அதே கோட்டை முன்னாடி கூலிங் கிளாஸோட நிக்கிற படம் அவர் பக்கத்துலயே கிடக்கு. ஷ்ரூஸ்பரி சதுக்கத்துல கிளைவ் சிலை நிக்குது, 2020ல எடுக்கச் சொல்லி மனு போட்டும் எடுக்கல. அதுக்குக் கீழே நின்னு நான் படம் எடுக்கல. அதை யாரும் கவனிக்க மாட்டீங்க.

அன்னிக்கு கிளைவுக்குப் போனது ஒரு மணி நேரம். டைர்லிங்கிற இடத்துல கால்வாய்ல படகை ஏத்தி இறக்குற அஞ்சு லாக் இருக்கு, 1835ல திறந்த கால்வாய். ஒரு தாத்தாவும் பாட்டியும் முதுகைக் குடுத்து அந்தக் கதவைத் தள்ளுறதைப் பார்த்துக்கிட்டே மதியச் சாப்பாட்டை முடிச்சேன். அப்புறம் 1459ல சண்டை நடந்த ப்ளோர் ஹீத். பக்கத்து மக்கிள்ஸ்டன் சர்ச் கோபுரத்துல இருந்து மார்கரெட் ராணி தன் படை தோத்ததைப் பார்த்துட்டு, குதிரை லாடத்தைத் திருப்பி அடிக்க வச்சுத் தப்பிச்சாளாம். அந்தப் படங்களுக்கு மொத்தம் பதினொரு லைக்.

சந்தையில பிஸ்கட் வித்த அம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க. ஆற்காடுன்னேன். கேள்விப்பட்டதே இல்லையாம். கிளைவ்னு சொன்னதும், "ஏதோ பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம்"னு சிரிச்சுட்டு மீதிச் சில்லறையைக் குடுத்தாங்க. அது எப்படி வலிச்சுதுன்னு எழுதத்தான் அந்தப் படத்தையே போட்டேன். எழுத ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.

முகம் தெரியாதவங்க சிரிச்சது போகட்டும். பத்தாவது வரைக்கும் என் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்தவ அந்த வரிக்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கா. ஊருக்குப் போற ஒவ்வொரு தடவையும் மக்கன் பேடா வாங்கி வச்சிருப்பா. அவளுக்குன்னு வாங்கின ஜிஞ்சர்பிரெட் பாக்கெட் இன்னும் அலமாரியில இருக்கு. இப்பதான் டீ போட்டிருக்கேன். அதைப் பிரிக்கப் போறேன்.