டாங்கிவாயில் ஆடிய கைவிளக்கு

எரிமலை வாய் ஏரி உடைந்தால் வெள்ளம் எவ்வளவு வரும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணிக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் ஏரியின் கொள்ளளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். வழியில் மணலையும் பாறையையும் வாரிக்கொண்டு வெள்ளம் பருத்துக்கொண்டே வரும். நியூசிலாந்தின் ருவாபெகு எரிமலையின் வாய் ஏரி உடைந்து 1953 டிசம்பர் 24 இரவு இறங்கிய சேற்றுவெள்ளம் டாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்தது. தபால் எழுத்தர் ஒருவர் கைவிளக்கை ஆட்டியபடி ரயிலை நோக்கி ஓடினார். பலனில்லை, 151 பேர் இறந்தார்கள். 2007 மார்ச்சில் அதே ஏரி மறுபடி உடைந்தபோது உணர்கருவிகள் முந்திக்கொண்டு எச்சரித்தன. சாலையும் ரயிலும் நிறுத்தப்பட்டன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த உடைப்பை நியூசிலாந்து விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகவே எதிர்பார்த்திருந்தார்கள் என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.