கத்தரிக்கோலை விட்டுவிட்டீர்களே!
ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை வந்த கதையை உங்கள் கட்டுரையில் இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு, குரோமோசோம் ஆய்வாளர் ஜேனட் ரௌலியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 22ஆவது குட்டையாக இருப்பதை 1960லேயே நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். காணாமல்போன துண்டு எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. சிகாகோவில் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஜோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்! துண்டு 9ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1973இல் அதை வெளியிட்டார். அந்த இடமாற்றத்தால் உருவாகி, இந்தப் புற்றுநோயைத் தூண்டும் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை அடக்கத்தான் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மாத்திரை. மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்துக் காட்டிய மருத்துவர் ட்ரக்கரைப் பாராட்டியது சரிதான். அடுத்த முறை ரௌலிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.